மாத்திரை தவறாத நாய்க்கு இதயப்புழு எப்படி வந்தது? ஹூஸ்டனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வீரா, லேப்ரடார் கலப்பு. ஆண் நாய், கருத்தடை ஆனவன், வயது மூன்று இருக்கலாம். டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் என் நண்பர் குடும்பத்தில் வளர்கிறான். 2022 செப்டம்பர் கடைசியில் தெருவிலிருந்து பிடிக்கப்பட்டு ஒரு காப்பகத்துக்கு வந்தான். அக்டோபர் முதல் வாரத்தில் எடுத்த இதயப்புழு பரிசோதனை நெகட்டிவ். அன்றே ஒரு தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். மாதக் கடைசியில் நண்பர் தத்தெடுத்தார், அதிலிருந்து மாதம் ஒரு மாத்திரை, ஒன்றுகூட விடவில்லை. 2023 அக்டோபரில் வருடாந்தரப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது முடிவு பாசிட்டிவ்.

இப்படி ஒரு முடிவு வந்தால் யாருக்கும் முதலில் வருவது கோபம்தான். நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்தார்கள், மாத்திரைக்கு மாதா மாதம் காசு கொடுத்தோம், அப்புறம் எப்படி? மாத்திரை போலியா, பரிசோதனை தப்பா, காப்பகம் பொய் சொன்னதா என்று நண்பரும் அவர் மனைவியும் மாறி மாறிக் கேட்டார்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை. இங்கே மீட்கப்படும் நாய்களைத் தத்துப்போகும் வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களில் ஒருவன், இதயப்புழு உள்ள நாய்கள் பல என் வீட்டு வழியாகப் போயிருக்கின்றன. அதனால் என்னையும் கூடவே கூப்பிட்டார்கள். மருத்துவர் சொன்னதையும், நாங்கள் உட்கார்ந்து தேதி தேதியாகக் கணக்குப் போட்டதையும் குடும்பத்தின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். என்னுடைய முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த நோயில் பரிசோதனையும் பின்னோக்கித்தான் பார்க்கிறது, மாத்திரையும் பின்னோக்கித்தான் வேலை செய்கிறது. இரண்டும் எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போகும் என்று தெரியாமல் வெறும் நெகட்டிவ் சீட்டை நம்பினால் வீரா மாதிரி நாய்கள் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

அப்போது திருச்சியிலிருந்து நண்பரின் அம்மா வந்திருந்தார். அவர் கேட்ட கேள்விதான் எங்கள் எல்லாரையும்விடச் சரியான இடத்தில் ஆரம்பித்தது.

“ஏன் தம்பி, கொசு கடிச்சா யானைக்கால் வரும்னு தெரியும். நாய்க்கு நெஞ்சுல புழு வருமா?”

“கிட்டத்தட்ட அதே கதைதாம்மா. இதுவும் ஃபைலேரியா வகைப் புழுதான்.”

உண்மையில் ஒற்றுமை அதற்கு மேலும் உண்டு. தமிழ்நாட்டில் யானைக்கால் நோயைப் பரப்புகிற க்யூலெக்ஸ் குயின்கிஃபேசியேட்டஸ் கொசு ஹூஸ்டன் சாக்கடைகளிலும் அதே பெயரில் அதே பெருக்கத்தில் இருக்கிறது. இதயப்புழுவைக் கடத்தக்கூடிய கொசுக்களில் அதுவும் ஒன்று. அது போக ஏடிஸ், அனோஃபிலஸ் என்று பல வகைக் கொசுக்கள் இந்த வேலையைச் செய்கின்றன. நோயுள்ள நாயைக் கடிக்கும் கொசுவுக்குள் மைக்ரோஃபைலேரியா என்ற கண்ணுக்குத் தெரியாத குட்டிப்புழுக்கள் போகின்றன. சூடான பருவத்தில் இரண்டு வாரத்துக்குள் அவை கொசுவின் உடலிலேயே மூன்றாம் நிலைக்கு வளர்ந்துவிடும், வெப்பம் 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இந்த வளர்ச்சி நின்றுவிடும். அப்புறம் அந்தக் கொசு அடுத்த நாயைக் கடிக்கும்போது தோலில் படும் இளம்புழுக்கள், கடித்த துளை வழியாக உள்ளே நுழைகின்றன. நாய்க்கு நாய் நேரடியாகத் தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் நக்கினாலும் வராது. நடுவில் கொசு வேண்டும். ஹூஸ்டன் பக்கம் கயோட்டி என்ற காட்டு நாய்களிடமும் இந்தப் புழு உண்டு என்பதால், தெருவில் நோயுள்ள நாயே இல்லாத நல்ல குடியிருப்பு என்று நம்பிக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை.

நாயின் உடலுக்குள் நுழைந்த பிறகு புழுவின் காலக்கணக்கு என்ன என்பதுதான் இந்த நிகழ்வின் மொத்த மர்மத்துக்கும் சாவி. நுழைந்த சில நாட்களிலேயே மூன்றாம் நிலைப் புழு தோலுரித்து நான்காம் நிலை ஆகிறது. தோலுக்கடியிலும் தசையிலும் நகர்ந்துகொண்டே இருந்து, 50 முதல் 70 நாளுக்குள் இளம் முழுப்புழு ஆகி ரத்தக்குழாய்க்குள் போகிறது. இரண்டரை மூன்று மாதத்தில் நுரையீரல் தமனிக்கு வந்து சேர்ந்துவிடும். அங்கேயே வளர்ந்து, இணைசேர்ந்து, ஆறேழு மாதத்தில் பெண் புழு குட்டிகளை ரத்தத்தில் விட ஆரம்பிக்கும். முழு வளர்ச்சி அடைந்த பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், பார்க்க வெந்த சேமியா மாதிரி இருக்கும். ஐந்து முதல் ஏழு வருடம் உயிரோடு இருக்கும். பெயர் இதயப்புழு என்றாலும் அது குடியிருக்கும் இடம் பெரும்பாலும் நுரையீரல் தமனிகள்தான். எண்ணிக்கை மிகவும் கூடும்போதுதான் இதயத்தின் வலப்பக்கத்துக்குள்ளும் அதற்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரைக்குள்ளும் பின்வாங்கி அடைக்கும். அந்தக் கட்டத்தில் கழுத்துச் சிரை வழியாகக் கருவியை விட்டுப் புழுக்களை எடுக்க வேண்டிவரும், அப்போதும் பல நாய்கள் பிழைப்பதில்லை.

பரிசோதனைக்கு வருவோம். வழக்கமாகச் செய்வது ஆன்டிஜென் பரிசோதனை. ஒரு சில சொட்டு ரத்தம் போதும், பத்து நிமிடத்துக்குள் முடிவு தெரியும். அது தேடுவது முதிர்ந்த பெண் புழுவிலிருந்து வெளியாகும் ஒரு புரதத்தை. பெண் புழு முதிரவே மாதக்கணக்கில் ஆகும் என்பதால், கொசு கடித்து ஐந்து மாதம் ஆவதற்குள் இந்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாது, பெரும்பாலான நாய்களில் தெரிவதற்கு ஆறு ஏழு மாதம் ஆகிவிடும். அதனால்தான் ஏழு மாதம் ஆகாத குட்டிக்கு இந்தப் பரிசோதனையே செய்வதில்லை. ஆக, இன்றைக்கு வந்த நெகட்டிவ் சொல்வது ஆறு மாதத்துக்கு முந்தைய செய்தியை. இந்த ஒரு விஷயத்தை தத்துக் கொடுக்கும் இடத்தில் வாய்விட்டு யாராவது சொல்லியிருந்தால் நண்பர் குடும்பத்துக்கு அரை வருடம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது, மைக்ரோஃபைலேரியா பரிசோதனை. ரத்தத்தை ஃபார்மலினில் கலந்து, சுழற்றி, அடியில் தங்கியதை நுண்ணோக்கியில் பார்க்கும் நாட் முறைதான் இதில் நம்பகமானது. ஒரே சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பதில் குறைவான எண்ணிக்கை தப்பிவிடும். அமெரிக்க இதயப்புழுச் சங்கம், 1974-ல் கால்நடை மருத்துவர்கள் சேர்ந்து தொடங்கியது, வருடத்துக்கு ஒரு தடவை இந்த இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்கிறது. ஆன்டிஜென் நெகட்டிவ் ஆக இருந்தும் குட்டிப்புழு ரத்தத்தில் ஓடும் நாய்கள் உண்டு. நாயின் எதிர்ப்புப் புரதம் ஆன்டிஜெனைப் பிடித்துக் கட்டிவைத்தால் பரிசோதனை ஏமாந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஆய்வுக்கூடத்தில் சீரத்தைச் சூடாக்கி அந்தக் கட்டைப் பிரித்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள். புழுக்கள் எல்லாமே ஆணாக இருந்தாலும், எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலும் இதே ஏமாற்றம்தான்.

மாத்திரை பற்றித்தான் தவறான புரிதல் அதிகம். ஐவர்மெக்டின், மில்பிமைசின், மாக்சிடெக்டின், செலமெக்டின் எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள். முதலாம் தேதி கொடுத்த மாத்திரை அந்த மாதம் முழுக்க நாயைக் காவல் காக்கும் என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். மாதாந்தர ஐவர்மெக்டின் விஷயத்தில் நடப்பது வேறு. இன்று கொடுக்கும் மாத்திரை கடந்த 30 நாளில் உள்ளே நுழைந்த மூன்றாம், நான்காம் நிலைப் புழுக்களைக் கொல்கிறது, கொன்றுவிட்டுச் சில நாளில் உடலைவிட்டுப் போய்விடுகிறது. இரண்டு மாதம் தாண்டி முழுப்புழு நிலைக்குப் போய்விட்டவற்றை இந்தக் குறைந்த அளவு மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இதைத் தெரிந்துகொண்டால், மாத்திரையை இரண்டு வாரம் தள்ளிக் கொடுப்பதும் இரண்டு மாதம் தள்ளிக் கொடுப்பதும் ஏன் ஒன்றல்ல என்பது தானாகப் புரியும்.

இப்போது வீராவின் தேதிகளை இதன்மேல் வைத்துப் பாருங்கள். 2022 அக்டோபர் முதல் வாரத்தில் பரிசோதனை. ஏப்ரல், மே மாதத்துக்குப் பிறகு கடித்த கொசு கொண்டுவந்த புழு அதில் தெரியாது. அதே நாளில் கொடுத்த முதல் மாத்திரை, செப்டம்பரில் நுழைந்ததை நிச்சயமாகக் கொன்றிருக்கும், ஆகஸ்டில் நுழைந்ததில் ஒரு பகுதியையும் கொன்றிருக்கலாம். அப்படியானால் மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை உள்ளே போனது என்ன ஆகும்? பரிசோதனைக்கு அது இன்னும் பிறக்காத பிள்ளை, மாத்திரைக்கு அது கைமீறிப்போன வயசு. ஹூஸ்டனில் அந்த மாதங்கள் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை, புழுக்கம், தேங்கிய நீர், சாயங்காலம் வாசலில் நிற்க முடியாத கொசு. கூரை இல்லாமல் தெருவில் சுற்றிய நாய்க்கு அந்த இடைவெளி போதும்.

ஆனால் இதையே காரணம் என்று உடனே முடிவுகட்டவில்லை. மருத்துவர் மூன்று சாத்தியங்களை வைத்தார், ஒவ்வொன்றையும் கழித்துப் பார்த்தோம்.

முதலாவது, பரிசோதனையே தப்பா என்பது. ஒரே ஒரு பாசிட்டிவை வைத்துக்கொண்டு, அதுவும் அறிகுறி பெரிதாக இல்லாத நாய்க்கு, சிகிச்சையை ஆரம்பிக்கக் கூடாது. வேறொரு நிறுவனத்தின் ஆன்டிஜென் பரிசோதனையை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள், அதுவும் பாசிட்டிவ். நாட் முறையில் மைக்ரோஃபைலேரியா இல்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் தமனிகள் சற்றுப் பருத்துத் தெரிந்தன. அப்போதுதான் நண்பரின் மனைவிக்கு நினைவு வந்தது, கொஞ்ச மாதமாக ஓடிவிட்டு வந்தால் இரண்டு மூன்று தடவை இருமுவான், ஏதோ புல் தொண்டையில் சிக்கியிருக்கும் என்று விட்டிருந்தார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆக, புழு இருப்பது உறுதி. இருமல் லேசானது, மூச்சுத்திணறல் இல்லை, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் சிறுநீரகம் சரி. நோயின் தீவிரத்துக்கான நான்கு நிலைகளில் இரண்டாவதன் தொடக்கம் என்று மருத்துவர் வகைப்படுத்தினார்.

இரண்டாவது, மாத்திரையில் ஏதாவது விட்டுப்போயிற்றா என்பது. இதயப்புழுத் தடுப்பு தோற்றதாகச் சொல்லப்படும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை இதில்தான் வந்து முடிகின்றன. வாங்கிய ரசீதுகள் எல்லாம் இருந்தன, இடைவெளி இல்லை. டிசம்பரில் குடும்பம் சென்னை போயிருந்தபோது பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரை கொடுப்பதை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார், மென்று விழுங்குவது வரை அதில் இருந்தது. (இது நல்ல பழக்கம். வாயில் ஒதுக்கிவைத்து சோபாவுக்குப் பின்னால் துப்பும் நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.) ஆனால் எடையில் ஒரு பிழை கிடைத்தது. தத்தெடுத்தபோது வீரா எலும்பும் தோலுமாக 44 பவுண்டு. 26 முதல் 50 பவுண்டு வரையிலான நாய்க்கான மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், அதில் ஐவர்மெக்டின் 136 மைக்ரோகிராம். நல்ல சாப்பாடு கிடைத்ததும் எடை ஏறியது. 2023 ஜூனில் காதுப் புண்ணுக்குப் போனபோது 53, அக்டோபரில் 56. மருந்தோ தானாகப் புதுப்பிக்கப்பட்டு அதே பழைய பெட்டியாக வந்துகொண்டிருந்தது, எடையைக் குறித்துக்கொண்ட மருத்துவமனையும் கவனிக்கவில்லை. கிலோவுக்குக் குறைந்தது 6 மைக்ரோகிராம் போக வேண்டும், 56 பவுண்டு (சுமார் 25.4 கிலோ) நாய்க்கு 136 மைக்ரோகிராம் என்பது கிலோவுக்குச் சுமார் 5.4 தான். குறைவு பெரிதில்லை என்றாலும் குறைவு குறைவுதான். எல்லாரும் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தோம்.

மருத்துவர்தான் தேதியைக் காட்டி மறுத்தார். அளவு குறைந்தது ஜூனை ஒட்டி. அதற்குப் பிறகு ஏறிய புழுவுக்கு அக்டோபரில் நாலு மாதம்தான் ஆகியிருக்கும், ஆன்டிஜென் பரிசோதனையில் அது தெரியவே தெரியாது. தமனி பருக்கும் அளவுக்கு நேரமும் போதாது. எனவே இந்த பாசிட்டிவுக்கு எடைப் பிழை காரணம் ஆக முடியாது. அந்தப் பிழையைத் திருத்தினோம், ஆனால் பழியை அதன்மேல் போடவில்லை. இந்த இடத்தில் எனக்கு அந்த மருத்துவர்மேல் பெரிய மரியாதை வந்தது. கிடைத்த முதல் காரணத்தோடு வழக்கை மூடிவிடுவது எவ்வளவு சுலபம்!

மூன்றாவது, மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற புழு. இது கற்பனை இல்லை. மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில், லூசியானாவிலும் அதை ஒட்டிய மாநிலங்களிலும் இப்படிப்பட்ட புழுக்கள் இருப்பது ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்டது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து கனடாவின் ஒன்டாரியோவுக்குத் தத்துப்போன ஒரு நாய்க்கு முழுப்புழுக்களைக் கொன்ற பிறகும், பெரிய அளவில் மருந்து கொடுத்தும் ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா போகவே இல்லை. மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் அதை எழுதினார்கள். ஹூஸ்டன் லூசியானாவிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம்தான், ஆகவே கேள்வி நியாயமானது. ஆனால் எதிர்ப்புள்ள புழுவின் முக்கிய அடையாளமே, மாதாமாதம் மருந்து போய்க்கொண்டிருக்கும்போதும் ரத்தத்தில் குட்டிப்புழு ஓடுவதுதான். வீராவுக்கு அது இல்லை. முழுப்புழுக்கள் உள்ளே இருக்க, ஐவர்மெக்டின் தொடர்ந்து போனால் ரத்தத்திலிருக்கும் குட்டிகள் மெல்ல அழிந்து, பெண் புழு குட்டி போடுவதும் அடங்கிவிடும். ஆன்டிஜென் பாசிட்டிவ், மைக்ரோஃபைலேரியா இல்லை என்ற வீராவின் படம் அதோடு அப்படியே பொருந்துகிறது. மிஞ்சியது அந்த மே முதல் ஆகஸ்ட் வரையிலான இடைவெளிதான். 2023 அக்டோபரில் அந்தப் புழுக்களுக்கு வயது 14 முதல் 17 மாதம், எக்ஸ்ரேயில் தெரிந்த மாற்றத்துக்கு அந்த வயது சரியாக ஒத்துவருகிறது.

இதைத் தடுத்திருக்க முடியுமா என்றால், தொற்றைத் தடுத்திருக்க முடியாது, அது தத்துக்கு முன்பே நடந்துவிட்டது. கண்டுபிடிப்பதை முன்னால் கொண்டுவந்திருக்கலாம். வரலாறு தெரியாத நாய்க்கு முதல் பரிசோதனை முடிந்து ஆறு மாதத்தில் இன்னொன்று, அப்புறம் வருடாவருடம் என்பதுதான் விதி. 2023 ஏப்ரலில் அந்த இரண்டாவது பரிசோதனை நடந்திருந்தால் பாசிட்டிவ் அன்றைக்கே தெரிந்திருக்கும், தமனிகளில் சேதம் அரை வருடம் குறைந்திருக்கும். தத்துக் காகிதத்தில் அடுத்த பரிசோதனை என்ற இடத்தில் 2023 அக்டோபர் என்றுதான் எழுதியிருந்தது.

தனி ஒரு நாயின் கதை மட்டும் என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலுக்குப் பிறகு மெக்சிகோ வளைகுடாக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான நாய்கள் அமெரிக்கா முழுக்க அனுப்பப்பட்டன. அவற்றில் பரிசோதித்த நாய்களில் கிட்டத்தட்ட பாதிக்கு இதயப்புழு இருந்தது. இன்றும் டெக்சாஸ், லூசியானா காப்பகங்களிலிருந்து வடக்கே வேன் வேனாக நாய்கள் போகின்றன, அவற்றைக் காப்பாற்ற அதைவிட்டால் வழியும் இல்லை. நோய் அரிதாக இருந்த கொலராடோவில் 2013-க்கும் 2017-க்கும் இடையில் பாசிட்டிவ் விகிதம் முன்பிருந்ததைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடியது, வெளியிலிருந்து வந்த நாய்களின் பெருக்கத்தோடு சேர்த்து அதை ஆய்வு செய்து எழுதினார்கள். நெகட்டிவ் சீட்டோடு போய் ஆறு மாதம் கழித்துப் பாசிட்டிவ் ஆகும் நாய், அந்த ஊர்க் கொசுவுக்கும் புழுவைக் கொடுக்கும்.

சிகிச்சை நீண்டது, ஆனால் அவசரப்படாமல் ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலான நாய்கள் தேறிவிடும். முதல் 28 நாள் டாக்ஸிசைக்ளின், கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை. புழுவுக்கு ஏன் பாக்டீரியா மருந்து என்று எனக்கும் ஒரு காலத்தில் புரிந்ததில்லை. இந்தப் புழுக்களின் உடலுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது, அது இல்லாமல் புழு பலவீனமாகிவிடும், புழு சாகும்போது நாயின் நுரையீரலில் ஏற்படும் அழற்சிக்கும் அந்த பாக்டீரியா பெரிய காரணம். முதலில் அதை ஒழித்துவிட்டால் புழுவைக் கொல்வது ஆபத்துக் குறைந்த வேலையாகிறது. கூடவே மாதாந்தரத் தடுப்பு மருந்தும் போகும், இந்த முறை சரியான எடைக்கு. டாக்ஸிசைக்ளின் முடிந்ததும் ஒரு மாதம் சும்மா காத்திருக்கச் சொன்னார்கள். பாக்டீரியாவின் மிச்சம் உடலைவிட்டுப் போகவும், ஊசி மருந்துக்குச் சிக்காத வயதில் இளம்புழு ஏதும் இருந்தால் அது சிக்கும் வயதுக்கு வரவும் அந்தக் காத்திருப்பு.

61-ஆம் நாள், 2024 ஜனவரியில், முதல் மெலார்சமின் ஊசி. கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், இடுப்புக்கு மேலே முதுகுத் தசையின் ஆழத்தில். அது ஆர்சனிக் சேர்ந்த மருந்து என்றதும் அம்மா பதறிவிட்டார். “பாஷாணத்தையா புள்ளைக்குப் போடுறாங்க?” என்று நண்பரைக் கூப்பிட்டுக் கேட்டார். அளவு தெரிந்தவர் போட்டால் மருந்துதான், ஆனால் அவர் பயம் அர்த்தமில்லாதது அல்ல, இதைவிட்டால் முழுப்புழுவைக் கொல்ல அனுமதி பெற்ற மருந்து வேறு இல்லை என்பதும் உண்மை. அன்று ராத்திரி வீரா முதுகு வலியில் படுக்கவே சிரமப்பட்டான், மறுநாள் சாப்பிடவில்லை, அதற்கு அடுத்த நாள் சரியாகிவிட்டது. 90-ஆம் நாள் இரண்டாவது ஊசி, 91-ஆம் நாள் மூன்றாவது. இரண்டே ஊசியோடு நிறுத்தும் பழைய முறை சுமார் 90 சதவீதம் புழுக்களைக் கொல்லும், இந்த மூன்று ஊசி முறை 98 சதவீதம் வரை போகும், முதல் ஊசியில் ஒரு பகுதி மட்டும் சாவதால் நுரையீரலுக்குச் சுமையும் பிரிந்து வருகிறது.

ஊசியைவிடக் கடினமானது அடக்கி வைப்பது. செத்த புழு எங்கும் வெளியேறுவதில்லை. துண்டு துண்டாக உடைந்து நுரையீரலின் சின்ன ரத்தக்குழாய்களில் போய் அடைகிறது, உடல் அதை மெல்ல மெல்லக் கரைக்க வேண்டும். அந்த நேரத்தில் நாய் ஓடினால், இதயம் வேகமாகத் தள்ளும் ரத்தம் அடைப்பை மோசமாக்கும். சிகிச்சையின்போது இறக்கும் நாய்களில் பல இப்படித்தான் இறக்கின்றன, மருந்தால் அல்ல. பாசிட்டிவ் தெரிந்த நாளிலிருந்து கடைசி ஊசிக்கு அப்புறம் ஆறு முதல் எட்டு வாரம் வரை ஓட்டமில்லை, பந்தில்லை, மாடிப்படி இல்லை. கழிக்கப் போவதற்கு மட்டும் குட்டை லீஷில் வாசல் வரை. வீட்டில் இரண்டு குழந்தைகள், வாசலில் அணில்கள், மூன்று வயது லேப்ரடார்! மூளைக்கு வேலை கொடுக்கத் துண்டில் சுருட்டிய தீனி, உறைய வைத்த தயிர், முகர்ந்து தேடும் விளையாட்டு என்று என் வீட்டு அனுபவத்தையெல்லாம் கொண்டுபோய் இறக்கினேன். கூடவே மருத்துவர் எழுதிக் கொடுத்த ட்ராசடோன் மாத்திரை அவனைச் சற்று அமைதியாக வைத்தது. மூன்றாவது ஊசி போட்ட அடுத்த வாரம் இருமல் கூடி லேசான காய்ச்சலும் வந்தது. அன்றே கூட்டிப்போனார்கள், அழற்சியை அடக்கும் ப்ரெட்னிசோன் மருந்தின் அளவைக் கூட்டினார்கள், நாலைந்து நாளில் அடங்கியது. ஊசி போட்ட முதல் சில வாரங்களில் இருமல், காய்ச்சல், மூச்சு வாங்குவது, இருமலில் ரத்தம் என்று எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

செலவையும் சிரமத்தையும் பார்த்துவிட்டு, ஊசியே வேண்டாம், தடுப்பு மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் புழு தானாகச் செத்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். சாகும், ஒன்றிரண்டு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை புழு தமனியைச் சேதப்படுத்திக்கொண்டே இருக்கும், அவ்வளவு காலமும் நாயை ஓடவிடாமல் வைக்க வேண்டும், மருந்துக்கு எதிர்ப்புள்ள புழுக்கள் உருவாகவும் அது இடம் கொடுக்கும். ஊசியைத் தாங்க முடியாத நாய்க்கு, மருந்தே கிடைக்காத ஊருக்கு அது இரண்டாம் பட்ச வழி. இளம் வயது நாய்க்கு அதை முதல் வழியாக எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கதையைக் கேட்ட அம்மா, திருச்சியில் மகள் வீட்டில் இருக்கும் நாய்க்கும் இந்த மாத்திரை வேண்டுமா என்று கேட்டார். இந்தியாவில் டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ் என்கிற இந்த இதயப்புழு அதிகமாகப் பதிவானது அசாம், மிசோரம் போன்ற வடகிழக்குப் பகுதிகளில். தமிழ்நாடு, கேரளம், இலங்கை நாய்களில் அதிகம் காணப்படுவது அதன் உறவான டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ். அது தோலுக்கடியில் வாழ்கிறது, இதயத்துக்குப் போவதில்லை. ஆனால் கொசு வழியாக மனிதருக்கும் வந்து, கண்ணிலிருந்து புழுவை எடுத்த நிகழ்வுகள் கேரளத்திலும் இலங்கையிலும் பல உண்டு. இது போக தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் இன்னொரு ஃபைலேரியாவும் இருக்கிறது, அது பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. ஆக, அங்கே ரத்தத்தைத் தகட்டில் பார்த்துவிட்டு மைக்ரோஃபைலேரியா இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே இதயப்புழு என்று பயந்துவிடாமல், எந்த வகை என்று கேளுங்கள், ஆன்டிஜென் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். இன்னொன்று, யானைக்காலுக்கு ஊரில் கொடுக்கும் டிஇசி மாத்திரை வீட்டில் கிடக்கிறதே என்று நாய்க்குக் கொடுத்துவிட வேண்டாம். ரத்தத்தில் இதயப்புழுவின் குட்டிகள் உள்ள நாய்க்கு அது உயிருக்கே ஆபத்தான அதிர்ச்சியை உண்டாக்கும். 1987-ல் ஐவர்மெக்டின் மாத்திரை வரும் வரை அமெரிக்காவில் டிஇசிதான் தினசரித் தடுப்பு மருந்து, அந்தக் காலத்திலும் ரத்தம் பார்க்காமல் அதைத் தொடங்க மாட்டார்கள்.

வீராவுக்கு 2024 நவம்பரில், கடைசி ஊசி போட்டு ஒன்பது மாதம் கழித்து, ஆன்டிஜென் பரிசோதனை செய்தார்கள். நெகட்டிவ். நாட் பரிசோதனையும் சுத்தம். எக்ஸ்ரேயில் தமனிப் பருமன் சற்றுக் குறைந்திருக்கிறது, முழுக்கப் பழைய நிலைக்கு வரவில்லை. ஓடுகிறான், இருமல் இல்லை. மாதாமாதம் நினைவு வைத்துக்கொள்ளும் கவலை வேண்டாம் என்று நண்பர் வருடத்துக்கு ஒரு தடவை போடும் மாக்சிடெக்டின் ஊசிக்கு மாறிவிட்டார், 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது அது. போடும் அன்றைய எடையைப் பார்த்து அளவு போடுவதால் பழைய பெட்டிப் பிரச்சினையும் இல்லை. ஊசி இருந்தாலும் பரிசோதனை வருடாவருடம் தொடரும். எங்கள் குழுவில் இப்போது தத்துக் காகிதத்தில் இரண்டு தேதிகள் எழுதுகிறோம், ஆறாவது மாதப் பரிசோதனைக்குக் குழுவே பணம் கொடுக்கிறது, தேதி நெருங்கும்போது தத்தெடுத்தவரை நாங்களே கூப்பிட்டு நினைவூட்டுகிறோம்.